பாதி வாய் வெளுத்த கோவர்த்தனன்

கோவர்த்தனனைப் பேஸ்ட் விற்கும் வேலைக்கு எடுத்தபோது அவனுடைய பற்களை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொசுவத்தி விற்க அனுப்பியிருப்பார்கள். நேர்காணல் போனில் நடந்தது. குரல் நன்றாக இருக்கிறது, தமிழும் தெலுங்கும் ஒரே வேகத்தில் வருகிறது, புத்தூர், நகரி, சித்தூர்ப் பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். போதும் என்று திருப்பதிக் கம்பெனி அவனைச் சேர்த்துக்கொண்டது.

சொந்த ஊர் ஆந்திர எல்லையில் பாலசமுத்திரம் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். இவன் மட்டும் கழனியில் கால் வைக்காமல் விதை விற்றான், மிக்சி விற்றான், இன்சூரன்ஸ் விற்றான். விற்கிற பொருள் மாறிக்கொண்டே இருந்தது, குடிக்கிற சிகரெட் மாறவில்லை. புத்தூரில் காலேஜ் படித்த காலத்தில் பஸ் வரும்வரை பொழுது போக வேண்டுமென்று ஆரம்பித்தது. பஸ் வந்த பிறகும் அது நிற்கவில்லை. நாற்பத்தாறு வயதில் அவன் பற்கள் காபி வடிகட்டுகிற துணியின் நிறத்துக்கு வந்திருந்தன. ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் பேனாவால் வரைந்தது போல ஒரு கறுப்புக் கோடு வேறு.

அவன் மனைவி ஷோபாவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து புத்தூரில் அவளை ஏற்றிக்கொண்டு போகும். கணவனுக்குப் பேஸ்ட் கம்பெனியில் வேலை கிடைத்த செய்தியைக் கேட்டதும் அவள் பத்து நிமிஷம் சிரித்தாள்.

“உன் வாய்க்கு பேஸ்ட்டு பத்தாதுயா. பட்டி பாத்து, ரெண்டு கோட்டு பெயின்ட் அடிக்கணும்.”

பேஸ்ட்டின் பெயர் ‘தளுக்கு ஒயிட்’. தெலுங்கில் தளுக்கு என்றால் மினுமினுப்பு. தமிழில் அது வேறு விஷயம் என்று கம்பெனிக்கு யாரும் சொல்லவில்லை. நகரிக் கடைகளில் அவன் டியூபை எடுத்து வைத்ததும், “இன்னாபா, இத்த பல்லுல தேக்கணுமா, இடுப்புல தேக்கணுமா?” என்று கேட்டார்கள். கோவர்த்தனன் உதட்டை மூடியபடி சிரித்தான். அந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவன் அப்படித்தான் சிரித்தான். பேசும்போதுகூட மேலுதட்டை இறக்கிவிட்டுப் பேசப் பழகியிருந்தான்.

அந்தப் பழக்கத்தைப் புத்தூர் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாலையா உடைத்தார்.

“கோவர்த்தனா, ஒரு மாசம் தேச்சா பல்லு முத்து மாதிரி ஆயிடும்ன்ற. நீ எத்தினி மாசமா விக்கற?”

“ஆறு மாசமா.”

“நீ அத்தத்தான் தேக்கறியா?”

“அத்தத்தான்.”

“பொய் சொல்லாத. நீ தேக்கறது செங்கல்லு.”

சோப்பு வாங்க வந்த அம்மாள் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தோள்கள் குலுங்கின. கோவர்த்தனன் பையை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தான். அன்றைக்கு அவன் மற்றக் கடைகளுக்குப் போகவில்லை.

வீட்டுக் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று வாயைத் திறந்து பார்த்தபோது அவனுக்கு அந்த யோசனை வந்தது. எல்லாப் பற்களையும் வெளுத்துவிட்டால், முன்னால் எப்படி இருந்தன என்று யாருக்குத் தெரியும்? பழைய போட்டோவைக் காட்டினால் யார் நம்புவார்கள்? ஒரே வாயில் இரண்டும் இருக்க வேண்டும். இடது பக்கம் மட்டும் தளுக்கு ஒயிட். வலது பக்கத்துக்குப் பழைய சாதாரணப் பேஸ்ட், அதுவும் விரலால். இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார். கேள்வி கேட்க ஒன்றுமிருக்காது.

மறுநாளே ஆரம்பித்தான். இடது பக்கத்துக்குக் கடையில் கிடைத்ததிலேயே முரட்டு பிரஷ்ஷாக ஒன்று வாங்கினான். அழுத்தித் தேய்த்தான். நுரை நியாயம் பார்க்காமல் இரண்டு பக்கமும் ஓடியதால் தலையை இடது பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தேய்க்கக் கற்றுக்கொண்டான். சிகரெட்டை விடும் எண்ணம் அவனுக்கு இல்லை. ஆனால் சோதனை கெடக் கூடாதே என்று இனிமேல் வலது வாய்க்கோடியில் மட்டும் வைத்துக் குடித்தான். புகைக்கு வலது இடது தெரியுமா என்று ஷோபா கேட்டாள். அவன் புகையை வலது பக்கமாக விட்டான்.

சில வாரங்களில் இடது பக்கம் நிஜமாகவே வெளுத்தது. பேஸ்ட்டில் இருந்த நறநறப்பான பொடி பல்லின் மேலே படிந்திருந்த புகைக் கறையைச் சுரண்டி எடுத்திருந்தது. கறுப்புக் கோடுகள் போயின. கோவர்த்தனனுக்கே நம்ப முடியவில்லை. ஷோபாவை எழுப்பிக் காட்டினான்.

அவள் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். “நெஜமாத்தான்யா. பாதி வாயி மாப்பிள்ள, பாதி வாயி மாமனாரு.”

அவன் நேராகப் பாலையா கடைக்குப் போனான். கையால் இடது பக்கத்தை மறைத்துக்கொண்டு வலது பக்கத்தைக் காட்டினான். பிறகு கையைத் திரை மாதிரி விலக்கினான். பாலையா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், பக்கத்து எலெக்ட்ரிக்கல் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்று அங்கே ஒரு பெட்டி இறங்கியது.

அதன் பிறகு கோவர்த்தனன் வாய் மூடவில்லை. காணிப்பாக்கத்தில் கோயில் தெருக் கடைகளில் வாயைத் திறந்தால் சாமி பார்க்க வந்தவர்களும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தூர் மார்க்கெட்டில் அவனுக்கு ‘ரெண்டு கட்சிக்காரன்’ என்று பெயர் வைத்தார்கள். “ஆளுங்கட்சியக் காட்டுபா,” என்றால் இடது பக்கம். “எதிர்க்கட்சி?” என்றால் வலது. திருப்பதி மேனேஜர் ஹரிபாபு அவனை அலுவலகத்துக்கு வரவழைத்து வீடியோ எடுத்தார். அது வாட்ஸ்அப்பில் சுற்றி, கடைசியில் ஷோபாவின் பேக்கிங் பிரிவுக்கே வந்து சேர்ந்தது. அவளோடு வேலை செய்யும் பெண்கள், “அக்கா, உங்க ஊட்டுக்காரரு எந்தப் பக்கமா முத்தம் குடுப்பாரு?” என்று கேட்டு அவளைச் சாப்பிடவிடவில்லை.

“இன்னா சொன்ன?” என்று கோவர்த்தனன் ஆவலாகக் கேட்டான்.

“ரெண்டு பக்கமும் சிகரெட்டு நாத்தந்தான், வித்தியாசம் தெரியலன்னேன்.”

இதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஹரிபாபுவுக்கு ஆசை வந்தது. மாவட்டத்து டீலர்களையெல்லாம் திருப்பதியில் ஒரு ஓட்டலுக்கு அழைத்துக் கூட்டம் போடப்போகிறார், மேடையில் கோவர்த்தனனின் வாய்தான் முக்கிய நிகழ்ச்சி. “இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கு, கோவர்தன். கேமராவுல தூக்கலா தெரியணும்,” என்று தெலுங்கில் சொன்னார்.

கோவர்த்தனன் ஆக்கினான். காலை, மதியம், மாலை, ஒவ்வொரு கடைக்குப் போகுமுன் என்று தேய்த்தான். பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வண்டிப் பெட்டியிலேயே இருந்தன. யாரோ யூடியூபில் சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தை அறுத்து, சமையல் சோடாவைத் தொட்டு, அதையும் இடது பக்கத்தில் தேய்த்தான். ஈறு எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டான்.

முதல் அடி காணிப்பாக்கத்தில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டியில் விழுந்தது. ஐஸ் போட்ட ஜூஸ் இடது பக்கம் பட்டதும் பல்லிலிருந்து காதுக்கு ஒரு ஆணி இறங்கியது. டம்ளரைக் கீழே போட்டுவிட்டான். ஜூஸ்காரர் ஈ விழுந்துவிட்டதோ என்று பயந்து வேறு டம்ளர் கொடுத்தார். அடுத்து டீ சுட்டது, தயிர் குத்தியது. சித்தூரில் மாங்காய்க் காலம். வண்டிக்கு வண்டி மாங்காயைக் கீறி மிளகாய்த்தூள் தூவி வைத்திருந்தார்கள். ஒரு துண்டு வாயில் போட்டவன் நடுத்தெருவில் ஒற்றைக் காலில் நின்றான். கடைசியில் காற்றே ஆகவில்லை. வண்டி ஓட்டும்போது வாய்க்குள் காற்று போகாமலிருக்கத் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டான். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட எங்கெங்கிருந்தோ ஆட்கள் புத்தூருக்கு வருகிறார்கள். அப்படிக் கையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு காரில் வந்த ஒரு குடும்பம், இவனும் அங்கேதான் போகிறான் என்று நினைத்து இவன் வண்டிக்குப் பின்னாலேயே வந்து இவன் வீட்டு வாசலில் இறங்கியது.

இன்னொன்றையும் அவன் கவனித்தான், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. இடது பக்கத்தின் வெளுப்பு மெல்ல மாறிக்கொண்டிருந்தது. புகைக் கறை இல்லை. பளபளப்பும் இல்லை. உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது, பழைய தந்தச் சீப்பு மாதிரி. அவன் இன்னும் அழுத்தித் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க இன்னும் மஞ்சளானது. கூட்டத்துக்கு நாள் நெருங்கிவிட்டது.

ஓட்டலின் ஏசி அறையில் டீலர்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் குளிர்ந்த பாதாம் பால் பாட்டில். ஹரிபாபு கோட்டுப் போட்டிருந்தார். கோவர்த்தனனை மேடையில் உட்காரவைத்து, முகத்துக்கு நேராக வட்ட விளக்கு ஒன்றைப் போட்டு, போன் கேமராவைப் பெரிய திரையோடு இணைத்தார். கோவர்த்தனன் வாயைத் திறந்தான். திரையில் ஒவ்வொரு பல்லும் கதவு அளவுக்கு வந்தது.

“இப்ப நீங்களே சொல்லுங்க,” என்று ஹரிபாபு மைக்கில் தெலுங்கில் முழங்கினார். “நம்ம பேஸ்ட் தேச்சது எந்தப் பக்கம்?”

அத்தனை பேரும் ஒரே குரலில் கை காட்டினார்கள். வலது பக்கத்தை.

ஹரிபாபு சிரித்தார். “இல்ல இல்ல. செல்ஃபி கேமராவுல இடது வலதா தெரியும். திரையைப் பாக்காதீங்க, ஆளைப் பாருங்க.”

டீலர்கள் எழுந்து மேடைக்கு அருகே வந்து ஆளைப் பார்த்தார்கள். குனிந்து பார்த்தார்கள். மறுபடியும் வலது பக்கத்தையே காட்டினார்கள். அங்கே பழுப்புக் கறை இருந்தது உண்மைதான், ஆனால் அதற்கு இடையிடையே பல் பல்லாக மின்னியது. இடது பக்கம் சோளம் உரித்தது போல மஞ்சளாய், மங்கலாய், ஈறு மேலே ஏறி, பல் நீண்டு தெரிந்தது. மதனப்பள்ளியிலிருந்து வந்த ஒரு பெரியவர், “இந்தப் பக்கத்துக்கு என்ன பேஸ்ட்? அதை யாரும் வாங்கிடாதீங்க,” என்று நல்ல மனத்தோடு எச்சரித்தார்.

கோவர்த்தனனுக்கு வாய் உலர்ந்துவிட்டது. கைக்கு எட்டியது பாதாம் பால். யோசிக்காமல் ஒரு மடக்குக் குடித்தான். அவன் போட்ட சத்தம் சட்டையில் குத்தியிருந்த மைக் வழியாக ஓட்டல் வரவேற்பறை வரை கேட்டது.

வராந்தாவில் ஹரிபாபு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். திட்டி முடித்ததும் ஒரு வழி சொன்னார். இடது பக்கப் பற்களுக்கு வெள்ளை கேப் மாட்டிவிடலாம், செலவு கம்பெனி பார்த்துக்கொள்ளும், வெளியே தெரியாது. கோவர்த்தனனுக்கு அது நியாயமாகவே பட்டது. வலி போனால் சரி.

அந்த எண்ணத்தோடுதான் புத்தூரில் பல் டாக்டர் மோகனப்ரியாவின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தான். அவனைவிட வயதில் சின்னவர். விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தவர், இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “இது ஒருத்தர் வாய்தானே?” என்று கேட்டார்.

கோவர்த்தனன் எல்லாவற்றையும் சொன்னான். எலுமிச்சம்பழத்தைச் சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பல்லுக்கு மேல எனாமல்னு ஒரு ஓடு இருக்குங்க. ஒடம்புலயே கெட்டியானது அதுதான். உங்க சிகரெட்டுத் தாரு அதுமேல படிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புல எல்லாம் ஊறிப்போச்சு. இந்த மாதிரி பேஸ்ட்டு மேல இருக்கற கறையத் தேச்சி எடுக்கும், அவ்ளோதான். உள்ள ஊறினது அதால வராது. மொதல் மாசம் உங்களுக்கு வெளுத்தது கறை போனதால. அதுக்கப்புறம் தேய்க்கறதுக்குக் கறை இல்ல. நீங்க அந்த ஓட்டையே தேச்சிட்டீங்க.”

“அப்ப மஞ்சளாச்சே, மேடம்? கறை திரும்பி வந்துக்கினு இருக்குதுன்னு நெனச்சேன்.”

“அது கறை இல்ல. எனாமலுக்குக் கீழ இருக்கற பல்லு. அதோட நெறமே மஞ்சள்தான். மேல ஓடு மெலிஞ்சதால வெளிய தெரியுது. எலுமிச்சம்பழம் ஓட்ட எளக்கிக் குடுத்துது, முரட்டு பிரஷ்ஷு வழிச்சிக்கினு போச்சு. அதனாலதான் ஐஸ் பட்டா நேரா நரம்புல அடிக்குது.”

“திரும்பி வளருமா?”

“நகமா வளர்றதுக்கு? போனது போனதுதான்.”

கோவர்த்தனன் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தான். “கேப் போட்டுட்டா?”

“கேப் போடணும்னா, மிச்சமிருக்கற பல்லையும் சுத்தி அரம் போட்டு ராவணும். கம்பெனிக்காரங்களுக்கு வீடியோ வேணும்னு உங்க பல்ல ராவச் சொல்றீங்களா?” என்றார். “வலது பக்கம் நீங்க ஒண்ணும் பண்ணல பாருங்க, அது தப்பிச்சிக்கிச்சு. வெறும் அழுக்குதான். அதை நான் கிளீன் பண்றேன்.”

அவர் வலது பக்கத்தைச் சுத்தம் செய்தார். தண்ணீர் பீய்ச்சும் கருவி கிர்ரென்று ஓட, காரை மாதிரி துண்டு துண்டாக வந்து விழுந்தது. இடது பக்கத்துக்கு ஏதோ பூசி, கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட் எழுதிக்கொடுத்து, மெத்தென்ற பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, அதை எப்படிப் பிடிப்பது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். தளுக்கு ஒயிட் டியூபைத் திருப்பிப் படித்துவிட்டு, “இது வெஷம் இல்ல. மெத்து பிரஷ்ஷுல, கொஞ்ச நாளு, லேசாத் தேச்சிட்டு நிறுத்தியிருந்தா இவ்ளோ ஆயிருக்காது. சிகரெட்டு குடிச்சிக்கினே தேச்சா எதுவும் நிக்காது,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

கண்ணாடியைக் கொடுத்தார். கோவர்த்தனன் பார்த்தான். வலது பக்கம் ஒரு இருபது வயதுக்காரன் இருந்தான். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் முதல் சிகரெட்டைப் பற்றவைத்தவனுடைய பற்கள் அப்படித்தான் இருந்திருக்கும். இத்தனை வருஷமும் அது அங்கேயே அழுக்குக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது. அவன் விற்று வந்த பக்கம்தான் கெட்டுப்போயிருந்தது.

கேப் வேண்டாம் என்று ஹரிபாபுவுக்குப் போன் செய்து சொன்னான். “அப்போ வாயைத் திறக்காம விக்கறியா?” என்று கேட்டார் அவர். கோவர்த்தனன் அதுவும் வேண்டாமென்றான். திறந்துகொண்டே விற்றான். கடைகடையாகப் போய் இடது பக்கத்தைக் காட்டி, “மெத்து பிரஷ்ஷுல லேசா தேக்கச் சொல்லுங்க, அழுத்தித் தேச்சா இப்பிடி ஆயிடும்,” என்று சொன்னான். விற்பனை அடியோடு நின்றுபோகும் என்று எதிர்பார்த்தான். நிற்கவில்லை. பாலையா கடையில் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், “அப்ப மொத மாசம் நெஜமாவே வெளுக்குதா?” என்று கேட்டு இரண்டு டியூப் வாங்கினார். மகனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். கூடவே முரட்டு பிரஷ் இருக்கிறதா என்றும் கேட்டார்.

“நீ தொண்ட கிழியக் கத்தனாலும் அவங்க காதுக்கு வேண்டியதத்தான் கேட்டுக்குவாங்க,” என்றார் பாலையா.

ஆனாலும் கம்பெனி அவனை நிறுத்திவிட்டது. அவனுக்குப் பதிலாக, பிறந்ததிலிருந்து சிகரெட்டைத் தொடாத ஒரு இளைஞனின் படத்தைப் பெட்டியில் அச்சிட்டார்கள். கோவர்த்தனன் இரண்டு மாசம் சும்மா இருந்தான், ஷோபாவுக்குச் சமைத்துப்போட்டான், பிறகு பிரஷ் மொத்த வியாபாரி ஒருவரிடம் சேர்ந்தான். மெத்து பிரஷ்ஷைப் பற்றி அவன் பேசினால் நிறுத்துவது கஷ்டம் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள்.

சிகரெட்டை விட்டதுதான் யாரும் எதிர்பார்க்காதது. பாக்கெட் மேல் அச்சடித்திருந்த அழுகின வாய்ப் படங்களை அவன் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டே தீக்குச்சி கிழித்தவன். ஷோபா அழுதும் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள், ஒரு முறை பாக்கெட்டைச் சாம்பாரில் போட்டும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் அம்மா சுத்தம் செய்த வலது பக்கம் மறுபடி கறுத்துவிடுமே என்கிற பயம் அதைச் செய்தது. வெறும் அழகு ஆசை. தினமும் கண்ணாடியில் வலது பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனான். நடுவில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் இரண்டு இழுத்தான். வீட்டுக்கு வந்து, சோடா போடாமல், எலுமிச்சம்பழம் இல்லாமல், லேசாகப் பல் தேய்த்துவிட்டு, ஷோபாவிடம் சொன்னான். அவள் முகர்ந்து பார்த்து, “தெரியும், போய் படு,” என்றாள்.

போன மாசம் இருவரும் திருமலைக்குப் போனார்கள். அலிபிரியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பைகளைச் சோதித்தார்கள். புகையிலைச் சாமான் மேலே போகக் கூடாது. முன்னெல்லாம் மலைக்குப் போகிறபோது கோவர்த்தனன் கீழேயே இரண்டு சிகரெட்டை அடுத்தடுத்துக் குடித்துவிட்டு, பாக்கெட்டை வேலியில் செருகிவிட்டுப் போவான். இந்த முறை ஒன்றுமில்லை. தைரியமாகச் சிரித்தபடி கையை விரித்துக்கொண்டு நின்றான்.

சோதனை செய்த காவலாளி அவன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. நிமிர்ந்து அவன் இடது பக்கப் பற்களைப் பார்த்தார். மறுபடியும் பையைத் தட்டினார். பேன்ட்டையும் தடவினார்.

“இல்லீங்க, விட்டுட்டேன்,” என்றான் கோவர்த்தனன் தெலுங்கில்.

“பல்லு அப்படிச் சொல்லலயே,” என்றார் அவர்.

“இது சிகரெட்டால இல்லீங்க, பேஸ்ட்டால.”

காவலாளி முப்பது வருஷ சர்வீசில் எல்லாப் பொய்யையும் கேட்டவர். இது புதிதாக இருந்தது. ஷோபாவின் கைப்பை, துணிப்பை, புளிசாதப் பொட்டலம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். கோவர்த்தனன் எனாமலைப் பற்றி விளக்க ஆரம்பித்தான். வாயைத் திறந்து இரண்டு பக்கத்தையும் காட்டினான். வரிசை நீண்டது, பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள், பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். பிரித்த பைகளில் ஒன்றும் கிடைக்காமல் காவலாளி போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

“வாய மூடிக்கினு வாயா, சாமி நட சாத்திடப் போறாங்க,” என்று ஷோபா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினாள். புளிசாதப் பொட்டலத்தை மறுபடி கட்டியபடி அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் முதல் வளைவில் திரும்பியது.